கேபிள் த்ராட்டில் வண்டிக்கு க்ரூஸ் கண்ட்ரோல்: எதைப் போடலாம்?

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. என் வண்டி வி-ஸ்ட்ராம் 650, கேபிள் த்ராட்டில், அதாவது ஆக்சிலரேட்டர் கிரிப்பைத் திருப்பினால் கேபிள் இழுக்கும் வகை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போனால் வலது கை மரத்துப்போகிறது, முதலில் சுண்டுவிரல் பக்கம், அப்புறம் உள்ளங்கை முழுக்க. வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் ஒரு க்ரூஸ் கண்ட்ரோலைத் தனியாக வாங்கிப் பொருத்திவிடலாம் என்று தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கிரிப்பைப் பிடித்து நிறுத்தும் த்ராட்டில் லாக்கே போதும் என்கிறார்கள் சிலர். காருக்கென்று செய்த வேக்கம் சர்வோவை (வெற்றிடத்தால் த்ராட்டிலை இழுக்கும் கருவி) டேங்குக்கு அடியில் பொருத்தி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பைக்குக்கென்றே வரும் எலக்ட்ரிக் சர்வோ கிட் ஒன்று இருக்கிறது, விலை மற்ற இரண்டையும்விட நன்றாகவே கூடுதல்.

வயரிங் வேலை எனக்குப் பழக்கம்தான், மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன் எல்லாம் கையில் இருக்கிறது. பின்சீட்டில் மனைவி வருவார், அதனால் பிரேக் பிடித்தால் அந்த நொடியே க்ரூஸ் விட்டாக வேண்டும், அதில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. பின் விளக்கை எல்இடியாக மாற்றியிருக்கிறேன், அது ஏதாவது சிக்கல் பண்ணுமா? எதைப் போடலாம், எதைத் தொடவே கூடாது என்று போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தைசிலிண்டர்:

த்ராட்டில் லாக்கைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதை வயரிங் தெரிந்தவர்கள் சொல்லட்டும். லாக் என்பது க்ரூஸ் கண்ட்ரோல் கிடையாது, இதை மனதில் வைத்துக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. அது த்ராட்டில் திறந்திருக்கும் அளவைப் பிடித்துவைக்கும், வேகத்தைப் பிடித்துவைக்காது. ஏற்றம் வந்தால் வண்டி இறங்கும், இறக்கத்தில் ஏறும், எதிர்க்காற்று திரும்பினாலே வேகம் மாறிவிடும். சமதளத்தில் கையை எடுத்து உதறிவிட்டு, விரலை நீட்டி மடக்கிவிட்டு மறுபடி பிடிக்க அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பிரேக் பிடித்தாலும் லாக் தானாக விடாது, உங்கள் நிபந்தனைக்கு அது அங்கேயே அடிபட்டுப் போகிறது. கிரிப்பைக் கையால் திருப்பினால் லாக்கை மீறி மூட முடியும் அளவுக்குத்தான் உரசல் இருக்க வேண்டும். முழு இறுக்கத்தில் வைத்தும் கையால் சுலபமாக மூட முடிகிறதா என்று எஞ்சினை அணைத்துவைத்துப் பாருங்கள், முடியவில்லையென்றால் அந்தப் பொருளே வேண்டாம்.

இன்னொன்று. கை மரத்துப்போவதற்கு க்ரூஸ் இல்லாததுதான் காரணம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் பிரேக் லிவரின் சாய்வைப் பாருங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும், லிவர் மேலே தூக்கி நின்றால் மணிக்கட்டு மடங்கிக்கொண்டே இருக்கும். த்ராட்டில் கேபிள் காய்ந்து இறுகியிருந்தாலும் அதைப் பிடித்துவைக்கக் கூடுதல் பலம் போகும். சுண்டுவிரல் பக்கம் முதலில் மரக்கிறது என்றால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் எடை அழுந்துகிறது, அங்கே போகும் நரம்பு நசுங்குகிறது. கிரிப் தடிமன், ஹேண்டில்பார் உயரம் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். க்ரூஸ் போட்டாலும் இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சுகம்.

வயர்மேன்:

ஒத்தைசிலிண்டர் சொன்னது சரி. நீங்கள் கேட்பது நிஜமான க்ரூஸ் என்பதால் வேக்கமா எலக்ட்ரிக்கா என்பதுதான் கேள்வி.

வேக்கம் சர்வோ எஞ்சின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தை வைத்து ஒரு டயாஃப்ரத்தை இழுக்கிறது, அது த்ராட்டிலைத் திறக்கிறது. காரில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக ஒரு மேனிஃபோல்டு (காற்று பிரிந்து போகும் குழாய்த்தொகுதி), அங்கே வெற்றிடம் ஓரளவு சீராக இருக்கும். உங்கள் வண்டியில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி த்ராட்டில் பாடி (காற்றைத் திறந்து மூடும் பகுதி), வெற்றிடம் துடித்துத் துடித்து வரும். அதைவிடப் பெரிய சிக்கல், த்ராட்டில் திறக்கத் திறக்க வெற்றிடம் குறையும், அதாவது ஏற்றத்தில் சர்வோவுக்கு இழுவை அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அது கைவிடும். அதனால் ஒரு சின்ன வேக்கம் டேங்கும், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்து வரும் குழாய்க்கும் தனித்தனி ஒருவழி வால்வும் போட்டே ஆக வேண்டும். ஃபியூல் இன்ஜெக்‌ஷனுக்கான காற்றழுத்த சென்சாருக்குப் போகும் குழாயில் மட்டும் கிளை எடுக்காதீர்கள். அந்த அழுத்தத்தைப் பார்த்துத்தான் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) பெட்ரோல் அளவை முடிவு செய்கிறது, நீங்கள் அதைக் கெடுத்தால் ஐடிலும் கெடும் மைலேஜும் கெடும். உங்கள் மாடலில் வேக்கம் குழாய் மாட்டத் தனியாக ஒரு முனை கிடைக்கவில்லையென்றால் வேக்கத்தை மறந்துவிட்டு எலக்ட்ரிக் சர்வோவுக்குப் போங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் குழாய், டேங்க், வால்வு என்று கசியக்கூடிய இடங்கள் அத்தனையும் ஒரேயடியாகக் குறையும்.

எதைப் போட்டாலும் கேபிள் வேலைதான் உயிர். உங்கள் த்ராட்டிலில் இரண்டு கேபிள் இருக்கும், ஒன்று திறக்க, இன்னொன்று மூட. சர்வோ கேபிளை த்ராட்டில் பாடி புல்லியில் (கேபிள் சுற்றும் சக்கரம்) மாட்ட இடம் போதவில்லை என்று மூடும் கேபிளைக் கழற்றிவிடுகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சர்வோ புல்லியைத் திறக்கும்போது மூடும் கேபிள் வழியாக உங்கள் கிரிப்பும் கூடவே திரும்பும். கிரிப்பை நீங்கள் கையால் மூடினால் அதே கேபிள் புல்லியை இழுத்து மூடும், சர்வோ சிக்கிக்கொண்டால்கூட. இதைவிட நேரடியான பாதுகாப்பு அந்த வண்டியில் வேறு எதுவும் இல்லை.

சர்வோ கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும், க்ரூஸ் ஓய்வில் இருக்கும்போது அது த்ராட்டிலை ஒரு இழைகூடத் திறந்து பிடிக்கக் கூடாது. எல்லாம் பொருத்தியபின் எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஏதோ ஒரு கேபிள் இழுபடுகிறது, போகும் வழியை மாற்ற வேண்டும்.

வயரிங்கில் க்ரூஸ் யூனிட்டுக்குத் தெரிய வேண்டியவை வேகம், முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச். ஆர்பிஎம் கேட்கும் கிட் என்றால் அதையும் கொடுங்கள், கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் சீறினால் உடனே விட அது உதவும். கரண்ட்டை பேட்டரியிலிருந்து நேராக எடுக்காமல், ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு கில் ஸ்விட்ச் அணைத்தால் அணையும் லைனிலிருந்து ஒரு ஃபியூஸ் வைத்து எடுங்கள். வயரைக் கடித்துப் பிடிக்கும் இன்ஸ்டன்ட் கனெக்டர்கள் வேண்டாம், அதிர்வில் இழை இழையாக அறுந்துவிடும்.

எல்இடி சிக்கல் பண்ணும். சில வேக்கம் யூனிட்டுகள் பிரேக் அடிக்காத நேரத்தில் பிரேக் விளக்கின் ஃபிலமென்ட் வழியாக எர்த் தெரிகிறதா என்று பார்க்கும். ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது ஏறக்குறைய வெறும் கம்பிதான், எர்த் தெரியும். எல்இடி அப்படி விடாது, அதனால் யூனிட் க்ரூஸைப் பிடிக்கவே மறுக்கும். ஒரு ஐந்து பின் ரிலேயை (கரண்ட் வந்தால் இணைப்பை மாற்றும் ஸ்விட்ச்) பிரேக் லைனில் போட்டால் சரியாகிவிடும்: பிரேக் இல்லாதபோது, யூனிட் பிரேக்கைப் பார்க்கும் சென்ஸ் வயருக்கு எர்த், பிரேக் அடித்தால் 12 வோல்ட்.

நெடுவழி:

வயர்மேன் அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. எங்கள் வண்டியில் தனி முனை கிடைப்பது கஷ்டம் போலத்தான் தெரிகிறது, அதனால் எலக்ட்ரிக் கிட் பக்கம் மனம் போய்விட்டது. அந்த ரிலே மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. நடுவழியில் ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துபோனால் என்ன ஆகும்?

செயின்ஸ்ப்ராக்கெட்:

நல்ல கேள்வி, அங்கேதான் நான் வயர்மேனிடமிருந்து மாறுபடுகிறேன். காயில் எரிந்தால் ரிலே ஓய்வு நிலையிலேயே நிற்கும், அதாவது சென்ஸ் வயருக்கு எர்த் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் யூனிட்டுக்கு "பிரேக் இல்லை, எல்லாம் நலம்" என்றுதான் தெரியும். பழுதானால் பிடித்துக்கொண்டே இருக்கும் இணைப்பு க்ரூஸில் எங்கேயும் இருக்கக் கூடாது, பழுதானால் விட்டுவிட வேண்டும்.

அதற்குப் பதில் பிரேக் விளக்குக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், ஃபிலமென்ட் செய்த வேலையை அது செய்யும். அதையும் யூனிட்டுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், பின் விளக்குக்கிட்டே கொண்டுபோய்ப் போடுங்கள். நடுவில் எங்கேயாவது வயர் அறுந்தால் யூனிட்டுக்கு எர்த் தெரியாமல் போகும், க்ரூஸ் பிடிக்காது, நமக்கு வேண்டியதும் அதுதான். எத்தனை ஓம் என்பது கிட்டைப் பொறுத்தது, கையேட்டில் சொன்னதைப் பாருங்கள். கணக்கு மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 50 ஓம் என்றால், வண்டி ஓடும்போது உள்ள 14 வோல்ட்டில் பிரேக் அடித்திருக்கும் நேரம் முழுக்க ஏறக்குறைய 4 வாட் சூடு. அதனால் 10 வாட் ரெசிஸ்டராக வாங்கி உலோகத்தில் பதித்துவையுங்கள், பிளாஸ்டிக்கில் ஒட்டினால் உருகும்.

எலக்ட்ரிக் கிட்டில் இந்தப் பிரச்சினை இருக்குமா என்பது அந்தக் கிட் பிரேக்கை எப்படிப் படிக்கிறது என்பதில் இருக்கிறது. வாங்குவதற்கு முன் வயரிங் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், பின் விளக்கு எல்இடி என்றும் சொல்லிவிடுங்கள்.

வயர்மேன்:

செயின்ஸ்ப்ராக்கெட் சொல்வது நியாயம். ரெசிஸ்டரே சரி, ரிலேயை விட்டுவிடுங்கள்.

ரைட்பைவயர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கேபிளே இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் சர்வோ எதுவும் வாங்க வேண்டாம். சில வண்டிகளில் க்ரூஸ் மென்பொருள் ஈசியூவுக்குள் ஏற்கெனவே இருக்கும், ஸ்விட்சைப் பொருத்தி சர்வீஸ் கணினியில் திறந்துவிட்டால் முடிந்தது, முதலில் அதை விசாரியுங்கள். இல்லையென்றால் கிரிப் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் செருகும் மாட்யூல் கிடைக்கிறது. அந்த சென்சார் இரண்டு சிக்னலைத் தனித்தனியாக அனுப்பும், ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையென்றால் ஈசியூ எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும், எனவே அந்த வயர்களை வெட்டிச் சொந்தமாக எதையும் முயல வேண்டாம். வண்டிக்கென்றே செய்த, இரண்டு பக்கமும் கனெக்டரோடு வரும் மாட்யூலாக வாங்குங்கள்.

மழைப்பயணி:

போடுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், பயன்படுத்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். ஈரச் சாலையில் க்ரூஸ் வேண்டாம், தம்பி. மணல், ஜல்லி, வளைவு, நெரிசல் எதிலும் வேண்டாம். முன்னால் லாரி தெரிகிறது என்றால் பக்கத்தில் போகும்வரை காத்திருக்காமல் முதலிலேயே விட்டுவிடுங்கள். க்ரூஸ் ஓடும்போது கையைக் கிரிப்பிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொள்கிற பழக்கம் சீக்கிரமே வந்துவிடும், அதை வளர விடாதீர்கள். கிரிப்பின் மேல் தளர்வாகக் கை இருந்தாலே மரத்துப்போவது நிற்கும், பிரேக் லிவருக்கு விரல் போகும் நேரமும் மிச்சமாகும். முதல் ஓட்டம் தனியாகப் போங்கள், மனைவியை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். காலியான நேர்ச்சாலையில் பிடிக்கவிட்டு முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச், கிரிப்பை மூடுவது, கில் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியாக விடுகிறதா பாருங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

நெடுவழி:

அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று மட்டும்: வேக சிக்னலுக்கு ஏபிஎஸ் சென்சார் வயரிலிருந்து எடுக்கலாமா, இல்லை காந்தம் ஒட்டித் தனி சென்சார் போடுவதா? முன்சக்கரத்தில் இடம் தாராளமாக இருக்கிறது.

செயின்ஸ்ப்ராக்கெட்:

ஏபிஎஸ் வயரைத் தொடாதீர்கள். அந்த லைனில் வேறு எதையாவது கோத்தால் ஏபிஎஸ் கோளாறு காட்டி நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. தனி சென்சார்தான், அதுவும் பின்சக்கரத்தில். காரணம் இருக்கிறது: வழுக்கும் இடத்தில் பின்சக்கரம் சுழன்றால், பின்னால் இருக்கும் சென்சார் வேகம் கூடிவிட்டது என்று சொல்லும், யூனிட் த்ராட்டிலைக் குறைக்கும். அதே நேரத்தில் முன்சக்கரம் வேகம் குறைவதாகச் சொல்லும், அங்கே சென்சார் இருந்தால் யூனிட் இன்னும் திறக்கும், சுழலும் சக்கரம் மேலும் சுழலும்.

உங்கள் பின் டயர் 150/70-17 என்றால் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 முறை சுற்றும், ஒரே காந்தம் என்றால் நொடிக்கு 14 துடிப்புதான். ஐந்து ஒட்டினால் 70 வரும், வேகம் சீராகப் பிடிக்கும், ஆனால் இடைவெளி எல்லாம் சமமாக இருக்க வேண்டும். எத்தனை துடிப்பு என்பதை யூனிட்டிலும் அதற்கேற்பச் செட் பண்ணுங்கள். டிஸ்க் பக்கம் ஒட்டாமல் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) பக்கம் ஒட்டுங்கள், சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலம் இழக்க ஆரம்பிக்கும், இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் அதைச் சுலபமாகத் தாண்டும். செயின் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எபாக்சி வைத்து ஒட்டுங்கள், ஒருநாள் முழுக்கக் காய விடுங்கள்.