மறு: ‘தரைச் சமனாக்கம்’ – மாற்றுச் சொல் ‘மண்ணிசைவு’

அனைவருக்கும் வணக்கம். நம் சொற்பட்டியலில் உலோகங்காட்டியின் (metal detector) ‘ground balance’ வசதிக்கு, அதாவது மண்ணின் குறிகையால் கருவி கத்தாதபடி சரிசெய்வதற்கு, எந்தத் தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> உலோகங்காட்டியில் மண்ணுக்கு ஏற்றபடி திருகி வைக்கும் வசதியைத் ‘தரைச் சமனாக்கம்’ என்றே எழுதிவிடலாம்.

இதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. எங்கள் அரூர்ப் பக்கம் தரையைச் சமன் பண்ண வேண்டும் என்றால், ஜேசிபிக்குச் சொல்லியாச்சா என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல் உழவர்களிடம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

> ‘மண் கழித்தல்’ சரிவருமா? புளி மண்டியில் சாக்கின் எடையைக் கழிப்பதுபோல.

அக்கா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவிக்குள் கழித்தல் நடப்பதில்லை. ஒரு சுருள் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் காந்த அலையை அனுப்புகிறது. மறு சுருள் திரும்பி வருவதை வாங்குகிறது. நாணயம், மோதிரம் போன்றவற்றில் சுழல் மின்னோட்டம் உண்டாவதால் அவற்றின் குறிகை (signal) கட்டம் பிந்தி வரும்; கட்டம் (phase) என்றால் அலை ஏறி இறங்கும் நேர நிலை. மண்ணிலுள்ள மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதின் குறிகையோ ஏறக்குறைய பிந்தாமலே வரும், அதுவும் நாணயத்தினுடையதைவிடப் பல மடங்கு பலமாக. திருகைச் சுற்றும்போது கருவி எந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் நகர்த்துகிறோம். மண்ணின் குறிகைக்கு 90 பாகை விலகி நின்றால் அது கணக்கிலேயே வராது. ஓர் அளவைக் கழிப்பதாக இருந்தால், சுருளை ஒரு சாண் தூக்கியதும் கணக்கு தப்பிவிடும். சரியாகத் திருகி வைத்த கருவியில் தூக்கினாலும் இறக்கினாலும் ஒலி மாறாது.

எங்கள் ஊரில் இது வெறும் ஏட்டு விஷயமில்லை. தீர்த்தமலையில் மேக்னடைட் தாது இருக்கிறது. சுற்றுவட்டார ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருமணல் மீசைபோல ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையிலேயே ஒரே அளவில் பூட்டி அனுப்பிய பழைய கருவி இந்த மண்ணில் ஓயாமல் கத்தும். பத்துச் சுற்றுத் திருகு உள்ள பழைய அனலாக் கருவிதான் இங்கே கைகொடுக்கிறது. கிணற்று மேட்டில் ஒரு அளவு, பத்தடி தள்ளிச் செம்மண்ணில் வேறு அளவு. வெயில் ஏறினால் அதுவும் மெல்ல நகரும், மறுபடி திருக வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அந்தக் கருவி இன்றும் லாடத்தையும் டிராக்டர் பின்னையும் தெளிவாகக் காட்டித் தருகிறது.

> ‘மண்ணீடு’ என்றால் சுருக்கமாக இருக்குமே?

எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் சிலப்பதிகாரத்தில் ‘மண்ணீட்டாளர்’ என்று மண்ணால் உருவம் செய்பவர்கள் வருகிறார்கள். போதாததற்கு, ஈடு என்றாலே அடமானம் நினைவுக்கு வரும். மண்ணை ஈடு வைப்பது நம் மாவட்டத்தில் இலேசான சொல் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘மண்ணிசைவு’. அந்தந்த மண்ணுக்குக் கருவியை இசைய வைக்கிறோம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘முதலில் மண்ணிசைவு பாருங்கள்’, ‘இசைவு தப்பிவிட்டது’, ‘மண்ணிசைவுத் திருகு’, ‘தானியங்கி மண்ணிசைவு’. எதிலும் நாக்கு இடறவில்லை. இசைவு என்றால் ஒப்புதல் என்ற பொருளும் உண்டு என்பது தெரியும். முன்னால் ‘மண்’ நிற்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

அப்புறம், சொற்பட்டியலில் ‘உலோகங்காட்டி’ பதிவின் கீழ் ஒரு வரி அவசியம் சேர்க்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நடுகல் நிற்கும் இடங்களிலும் மயிலாடும்பாறை போன்ற தொல்லியல் இடங்களிலும் கருவியோடு நுழையவே கூடாது. தோண்டிக் கலைத்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்கித் தர முடியாது.

உலோக வகையைப் பிரித்துக் காட்டும் வசதிக்குப் ‘பாகுபாடு’ என்று வந்திருப்பதையும் மாற்றிவிடலாம். ‘உலோகப் பிரிப்பு’ போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றும் முன் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

அன்புடன்,
அரூரிலிருந்து