இரண்டு நெடுவரிசை ரெஸ்யூமேயைக் கைவிட்ட அனுபவம்

ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றிய பிறகு வேறு வேலை தேடத் தொடங்கியபோது, ரெஸ்யூமேயில் என்ன எழுத வேண்டும் என்று பல நாள் யோசித்தேன். அதன் தோற்றத்தைப் பற்றியோ சிறிதும் யோசிக்காமல், இணையத்தில் கிடைத்த ஒரு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம் கருநீலப் பட்டை. அதற்குள் புகைப்படம், தொலைபேசி எண், மொழிகள், திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் எதிரே ஐந்து சிறு வட்டங்கள், அவற்றில் நான்கு நிறம் தீட்டியவை. வலப்பக்கம் பணி அனுபவம். பார்வைக்கு உண்மையாகவே அழகாக இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டு மாதங்களில் ஓர் அழைப்புகூட வரவில்லை.

ஆள்சேர்ப்புப் பணியில் இருக்கும் பழைய தோழி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் என் அனுபவத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து, வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஒட்டினேன். என் பெயருக்கு அடுத்த வரியில் “தமிழ், ஆங்கிலம்” என்று இருந்தது. அதற்குக் கீழே நிறுவனத்தின் பெயரில் பாதி, பிறகு “எக்செல்”, பிறகு பெயரின் மீதிப் பாதி. இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. வட்டங்கள் படங்களாக இருந்ததால் அவை இருந்த சுவடே இல்லை. விண்ணப்பங்களைப் பெறும் பல நிறுவனங்கள் முதலில் ஒரு மென்பொருளைக் கொண்டுதான் ரெஸ்யூமேயிலிருந்து பெயர், பதவி, ஆண்டு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கின்றன என்றும், நெடுவரிசைகள், அட்டவணைகள், உரைப்பெட்டிகள், பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்த தொலைபேசி எண் போன்றவற்றில் அம்மென்பொருள்கள் பலவும் தடுமாறும் என்றும் அவர் விளக்கினார். ஒரு விண்ணப்பப் படிவம் தானாக நிரம்பியபோது பதவி என்ற இடத்தில் மொழிகளின் பெயர் வந்ததும், அதை நான் கைகளால் திருத்திவிட்டுக் கடந்து போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

வட்டங்களைப் பற்றி அவர் கேட்ட கேள்வி இன்றும் மனத்தில் நிற்கிறது. “எக்செலில் நான்கு வட்டம் என்றால் உங்களுக்குப் பிவோட் டேபிள் தெரியுமா, தெரியாதா?” என்றார். பெரிய பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் எக்செல் வசதிதான் பிவோட் டேபிள். படிப்பவருக்கு அந்த வட்டங்கள் எதையும் சொல்லவில்லை. அவற்றை நீக்கிவிட்டு, மாத இறுதிக் கணக்கை முடிக்க ஒன்பது நாள் ஆனதை எக்செல் பிவோட் டேபிள்களைக் கொண்டு ஐந்து நாளாகக் குறைத்தேன் என்ற ஒரே வரியைப் பணி அனுபவத்தின் கீழ் எழுதினேன்.

புதிய வடிவம் மிக எளியது. ஒரே நெடுவரிசை, அண்மைய வேலை முதலில், பழையது பின்னால், காலிப்ரி எழுத்துரு 11 புள்ளி, தலைப்புகள் 14 புள்ளியில் தடித்த எழுத்து, நான்கு பக்கமும் 2.54 சென்டிமீட்டர் ஓரம். அனுப்புவது பிடிஎஃபாகவே, ஏனெனில் வேர்டு கோப்பைத் திறப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து அமர்ந்து, ஒரு பக்கத்தில் முடிந்தது இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரியைத் தள்ளிவிடும். நிறுவனமே வேர்டு கோப்பு கேட்டால் அதையே தருகிறேன். வெளிநாட்டுக்கு அனுப்புவோர் தாளின் அளவையும் கவனிக்க வேண்டும்: ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளுக்கு 279 மட்டுமே. புகைப்படத்தையும் எடுத்துவிட்டேன், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதைச் சேர்க்காமல் இருப்பதே வழக்கம்.

இந்த வடிவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். என் தங்கை குழந்தைக்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்தாள். அந்த இடைவெளியை நினைத்து அஞ்சி, ஆண்டுகளைக் கடைசியில் சிறிதாகப் போட்டுவிட்டு, “ஒருங்கிணைப்பு”, “வாடிக்கையாளர் தொடர்பு” என்று திறன்களின் வாரியாக மட்டுமே எழுதும் வகையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் நேர்காணலில் பாதி நேரம் எந்த வேலையை எந்த ஆண்டு எங்கே செய்தாள் என்பதைக் கேட்பதிலேயே போயிற்று. எதையோ மறைக்கிறாள் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்துவிட்டதை அவளே உணர்ந்தாள். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைக் கலப்பு வடிவமாக மாற்றினோம். மேலே மூன்று வரியில் அவளுடைய முக்கியத் திறன்கள், ஒவ்வொன்றுக்கும் செய்து முடித்த ஒரு வேலையின் சான்றுடன். அதற்குக் கீழே ஆண்டு வரிசையில் அனுபவம். இடைவெளிக்கு அதற்குரிய இடத்திலேயே “குழந்தை வளர்ப்பு” என்று ஒரு வரி, அதே காலத்தில் முடித்த இணையவழிப் படிப்புடன். அடுத்த நேர்காணலில் இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அவள் பதற்றமின்றிப் பதில் சொன்னாள்.

சென்ற ஆண்டு எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும் குழுவில் நானும் அமர்ந்தேன். நாற்பது ரெஸ்யூமேக்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகி மேசைக்கு வந்தன. நல்ல தகுதியுள்ள ஒருவர் தேதிகளை வெளிர்ச் சாம்பல் நிறத்தில் இட்டிருந்தார்; அச்சில் அவை கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தன. விளக்கின் அருகே தாளைச் சாய்த்து வைத்து ஒவ்வொரு ஆண்டாகப் படித்தேன். நேரம் குறைவாக இருந்திருந்தால் படித்திருப்பேனா என்று தெரியவில்லை, அந்த எண்ணம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அன்று முதல் எதையும் அனுப்பும் முன் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்கிறேன்.

வடிவமைப்புத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறார்: இணையப் படிவங்களுக்கு எளிய ஒற்றை நெடுவரிசை, நேரில் கொடுக்கத் தம் கைவண்ணம் தெரியும் மற்றொன்று. அவருடைய தொழிலுக்கு அது சரியான ஏற்பாடு. நான் எந்தப் பிரதியானாலும் நோட்பேடில் ஒட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். போன வாரம் தங்கையின் புதிய ரெஸ்யூமேயில் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பிரிந்து அடுத்த வரிக்குப் போயிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.