சிஎஸ்ஏ ஷேர் எடுத்தால் நம்ம சமையலுக்குச் சரிவருமா? (நியூ ஜெர்சி)

எடிசன்வாசி:
பக்கத்துப் பண்ணை ஒன்றில் சிஎஸ்ஏ (கம்யூனிட்டி சப்போர்ட்டட் அக்ரிகல்ச்சர்) ஷேர் எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு, அதாவது முன்பணம் கட்டிவிட்டு, சீசன் முழுக்க வாராவாரம் விளைச்சலில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வது. சீசன் பணம் முழுவதையும் மார்ச்சுக்குள் கட்டச் சொல்கிறார்கள், காய் வருவதோ ஜூனில். நாங்கள் மூன்று பேர், தினமும் குழம்பு, பொரியல் வைக்கிற வீடு. கேல் கீரை, டர்னிப் என்று வந்தால் என்ன பண்ணுவது? மழையில் விளைச்சல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா?

மீனா:
பொதுவாகக் கிடைக்காது. விதை, நாற்று, கூலி என்று விவசாயிக்கு நிறையச் செலவு வருஷ ஆரம்பத்திலேயே வந்துவிடும், அப்போது கையில் காசு இருக்காது, அதனால்தான் முன்பணம். விளைந்தாலும் போனாலும் நமக்கும் அதில் பங்கு. 1986இல் மாசசூசெட்ஸின் இண்டியன் லைன் பண்ணையிலும் நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையிலும் அமெரிக்காவில் சிஎஸ்ஏ ஆரம்பித்த காலத்திலிருந்தே ஏற்பாடு இப்படித்தான். எங்களுக்குத் தக்காளி நோய் விழுந்த வருஷம் கோஸாக வந்து குவிந்தது!

சமையலுக்குக் கவலை வேண்டாம். ஜூனில் பை நிறைய இலைதான். சுவிஸ் சார்ட் கீரையை மசித்துவிடலாம், முள்ளங்கி இலையைத் தூக்கிப் போடாமல் பாசிப்பருப்போடு சேருங்கள். கேல்தான் முரண்டு பிடிக்கும்: நடுத்தண்டை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து மூடி நன்றாக வேகவிட்டு, கடைசியில் தேங்காய் போடுங்கள். டர்னிப் சாம்பாருக்கு, முள்ளங்கி போடுகிற மாதிரியே. நூல்கோல் வந்தால் கொண்டாட்டம்தான்.

ராகவன்:
கத்திரிக்காய், வெண்டைக்காய் ஆசையில் மட்டும் சேராதீர்கள். அதெல்லாம் கோடை நடுவில்தான் வரும், வெண்டை வந்தாலும் ஒரு கைப்பிடி. கறிவேப்பிலைக்கு எப்படியும் இந்தியக் கடைக்குப் போகத்தான் வேண்டும். இதில் வாராவாரம் சொன்ன நேரத்தில் போய் எடுத்து வர வேறு வேண்டும். கேட்டால் உழவர் சந்தையில் வேண்டியதை மட்டும் வாங்குவதே மேல் என்பேன்.

மீனா:
ராகவன், கீரை சாப்பிடாத வீட்டுக்கு அது சரி. எடிசன்வாசி, முதல் வருஷம் பாதி ஷேர் போதும், முழு ஷேர் மூன்று பேருக்கு ரொம்ப அதிகம். பண்ணையில் நாமே பறித்துக்கொள்ள விடுவார்களா என்று கேளுங்கள், சில இடங்களில் பீன்ஸ், பச்சை மிளகாய், சின்னத் தக்காளி எல்லாம் அப்படிக் கிடைக்கும். ஜூலையில் ஊருக்குப் போவீர்களா?

எடிசன்வாசி:
ஆமாம், ஜூலை முழுக்க மதுரையில்தான். எதிர்வீட்டுக்காரர் பாதி போட்டுக்கொள்கிறேன் என்கிறார், நாங்கள் இல்லாதபோது அவரே எடுத்துக்கொள்ளட்டும். கேலும் அவருக்கே!