பியானோவில் கம்பி மாற்றும்போது பின் உயரம்: உங்களுக்கு நடந்தது என்ன?

உப்புவெளிக்காரன்:
எங்கள் பக்கத்துத் தேவாலயத்து அப்ரைட்டுக்கு (நிமிர்ந்து நிற்கும் பியானோ) கம்பி மாற்ற வந்தவர், கம்பியைச் சுற்றி இறுக்கும் இரும்புப் பின்கள் எல்லாவற்றையும் சுத்தியலால் அடி அடியென்று அடித்து இறக்கிவிட்டுப் போனார். பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தேன். பின்னில் சுற்றிய கம்பிச் சுருளின் அடிச்சுற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது. சுருதி கூட்டும்போது கம்பி இரும்பில் உரசிக் கரகரவென்றது. மாரி வந்ததும் துரு பிடித்ததும் அங்கேதான். நாளைக்குப் பின் தளர்ந்தால் இன்னும் அடித்து இறுக்க இடமேது? அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஓர்ஸ்ஹில் பிள்ளை:
அண்ணா, நீங்கள் தாழ்வை மட்டும் குறை சொல்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பியானோவில் பின்கள் கொக்கு மாதிரி நெட்டையாக நின்றன. பின்னைத் திருப்பும் லீவரைப் போட்டால் பின் மரத்துக்குள் திரும்பாது, மேலே வளையும். நடு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது என்று லீவரை எடுத்தேன், என் கண்முன்னே சுருதிமானியின் முள் கீழே இறங்கியது. உயரமும் அதே அளவு கேடுதான்.

பழைய கைவேலை:
இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் பழகிய இடத்தில் மாஸ்டர் 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மரத்துண்டைச் சுருளுக்கு அடியில் செருகிப் பார்த்துத்தான் அடுத்த பின்னுக்குப் போவார். தம்பிமார் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பின் சுமார் 7 மில்லிமீட்டர் தடிப்பு, ஒரு சுற்றுக்கு 22 மில்லிமீட்டர் கம்பி போகும். மூன்று சுற்றுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். கூட விட்டால் சுருள் உயர்ந்துவிடும், குறைத்தால் பிடிப்புக் காணாது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், இடைவெளி இருந்தால் அது மெல்ல இறுகும், சுருதியும் கூடவே இறங்கும். கம்பியின் நுனி பின்னின் ஓட்டைக்குள் முழுதாக உட்கார வேண்டும், வெளியே நீட்டக்கூடாது. மரத்திலுள்ள பழைய ஓட்டை தளர்ந்திருந்தால் ஓர் அளவு பெரிய பின்னைப் போடுங்கள், அடித்து ஆழமாக்கிச் சமாளிக்காதீர்கள். கிடையாக இருக்கும் கிராண்ட் பியானோ என்றால் பின் பிளாக்குக்கு (பின்கள் இறங்கியிருக்கும் பலகை) அடியில் முட்டுக் கொடுக்காமல் அடிக்கவே கூடாது, பலகை வெடிக்கும். எல்லாக் கம்பியும் சேர்ந்து 15 தொன்னுக்கு மேல் இழுப்பதைத் தாங்குவதில் அந்தப் பலகைக்கும் பங்குண்டு.

உப்புவெளிக்காரன்:
நன்றி ஐயா. அடித்து இறக்கிய பின்களை மெல்லத் திருப்பி வெளியே எடுத்தால் அதே ஓட்டை பிடிக்குமா?

பழைய கைவேலை:
முதலில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கமாகத் திரும்பினால் பிடிக்கும். வழுவழுவென்று வந்தால் பெரிய பின்தான். மாரியில் தொடாதீர்கள், மரம் ஈரத்தில் ஊதி உங்களை ஏமாற்றும். பங்குனியில் பாருங்கள்.