ஃபாஸ்டேக் பிளாக்லிஸ்ட், ரெண்டு மடங்கு டோல், கட்டாம விட்டது என்ன ஆகும்?

தாம்பரம்_வாசி கேட்டது:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 2023ல ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார், ஆர்சி அப்பவே அப்பா பேருக்கு மாத்தியாச்சு ஆனா கண்ணாடில இருக்கற ஃபாஸ்டேக் பழைய ஓனர் எடுத்தது, அதுலயே ரீசார்ஜ் பண்ணி ஓட்டிட்டு இருந்தோம் ஒரு பிரச்சனையும் இல்ல. போன டிசம்பர்ல கல்யாணத்துக்கு திருச்சி போறப்ப ஒரு டோல்கேட்ல "பிளாக்லிஸ்ட்"னு சொல்லி 80 ரூபாய்க்கு 160 கேஷா வாங்கிட்டாங்க, டேக்ல 600 ரூபாக்கு மேல இருக்கு! அடுத்த டோல்ல பின்னாடி ஏகப்பட்ட வண்டி நின்னு ஹாரன் அடிச்சதால தடுப்ப தூக்கி போங்கன்னு விட்டுட்டாங்க, காசும் வாங்கல. இப்ப காரை பெங்களூர்ல இருக்கற மாமாவுக்கு குடுக்கலாம்னு இருக்கோம். கட்டாத டோல் இருந்தா, வண்டியை வேற ஸ்டேட்டுக்கு மாத்த ஆர்டிஓ ஆபீஸ்ல வாங்கற என்ஓசி (ஆட்சேபனை இல்லன்னு சர்டிபிகேட்) குடுக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா? அந்த 160ல பாதியாவது திரும்ப வருமா?

கப்பலூர்காரன்:
ப்ரோ பாதி வராது. மெஷின் வேலை செய்யாம போனாதான் அவங்க பொறுப்பு, அதாவது டேக் ஆக்டிவா இருந்து பேலன்ஸும் இருந்து அவங்க ரீடர் படிக்கலன்னா ஒரு பைசா குடுக்க வேணாம், ஜீரோ ரசீது வாங்கிட்டு போகலாம், 2018லயே கெசட்ல வந்த ரூல். உங்க கேஸ்ல டேக்கே செல்லாது, அதனால ரெண்டு மடங்கு சரிதான். ஆனா 2025 நவம்பர் 15ல இருந்து யுபிஐல கட்டினா ஒண்ணேகால் மடங்குதான், 80க்கு 100 ரூபாயோட முடிஞ்சிருக்கும். இதை கவுன்டர்ல அவங்களா சொல்றது குறைவு, நாமதான் யுபிஐனு கேக்கணும்.

ஒண்ணு மட்டும் பாருங்க, கேஷ் வாங்கினதுக்கு அப்புறம் டேக்ல இருந்தும் காசு போயிருக்கான்னு ஸ்டேட்மென்ட்ல செக் பண்ணுங்க. அப்படி போயிருந்தா ரசீதோட டேக் குடுத்த பேங்க்ல கம்ப்ளெயின்ட் போட்டு வாங்கிடலாம், ஹைவே ஹெல்ப்லைன் 1033க்கும் போன் பண்ணுங்க. தப்பா காசு எடுத்த டோல் ஏஜென்சிக்கு ஹைவே அத்தாரிட்டி 1 லட்சம் ஃபைன் போடுறாங்க, அதனால கம்ப்ளெயின்ட்டுக்கு மதிப்பு இருக்கு, சின்ன காசுதானேன்னு விடாதீங்க.

ரோடு_பைத்தியம்:
டோலுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ரீசார்ஜ் பண்ணணும், இல்லன்னா டபுள்தான்னு 2025 பிப்ரவரி 17ல இருந்து ரூல் இருக்கே?

கப்பலூர்காரன்:
அது பேங்குங்களுக்குள்ள வர்ற சண்டைய தீர்க்க வந்த சர்குலர், வாட்ஸப்ல வேற மாதிரி சுத்துச்சு. நேஷனல் ஹைவே டோல்ல டேக் ஸ்டேட்டஸ் உடனுக்குடன் அப்டேட் ஆகும், கேட்டை தாண்டறதுக்கு முன்னாடி எப்ப வேணா ரீசார்ஜ் பண்ணலாம்னு ஹைவே அத்தாரிட்டியே விளக்கம் குடுத்தாங்க. ஸ்டேட் ஹைவே டோல் சிலதுல அப்ப பழைய சிஸ்டம் இருந்துச்சு, அங்க லேட் ஆச்சு. ஆனா இவருக்கு பேலன்ஸ் பிரச்சனையே இல்ல, டேக் வேற ஆள் பேர்ல இருக்கறதால கேஒய்சில (டேக் யார் பேர்லன்னு சரிபாக்கறது) மாட்டியிருக்கும்.

நாமக்கல்_வண்டி:
தம்பி என்ஓசி விஷயம் உண்மைதான். 2026 ஜனவரில மோட்டார் வாகன ரூல்ஸ திருத்திட்டாங்க. வண்டி டோலை தாண்டினது எலக்ட்ரானிக்கா பதிவாகி காசு மட்டும் வரலன்னா அது "கட்டாத கட்டணம்". அதை கட்டற வரைக்கும் என்ஓசி கிடையாது, எஃப்சி (வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு சர்டிபிகேட்) ரினியூவல் கிடையாது, நேஷனல் பெர்மிட்டும் கிடையாது. என்ஓசி கேட்டு குடுக்கற ஃபார்ம் 28ல பாக்கி இருக்கா இல்லையான்னு நீங்களே எழுதிக்குடுக்கணும்.

கார்காரங்களுக்கு விக்கறப்பதான் தெரியும், லாரிக்காரங்க எங்களுக்கு அப்படி இல்ல. எஃப்சி நின்னா லாரி ஷெட்டுலதான், டிரைவர் கிளீனர் ரெண்டு வீட்டுக்கும் அந்த மாசம் சம்பளம் போச்சு. காசு கட்ட மாட்டேன்னு யாரும் சொல்லல, பாக்கி விழுந்த அன்னைக்கே ஓனர் நம்பருக்கு மெசேஜ் வரணும், அதைத்தான் கேக்கறோம். அதனால எல்லாரும் ஆர்சில மொபைல் நம்பர் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க, செகண்ட் ஹேண்ட் வண்டி நிறையதுல பழைய ஓனர் நம்பர்தான் கிடக்கும்.

தாம்பரம்_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. யுபிஐ விஷயம் அங்க யாருமே சொல்லல. இப்ப எதை முதல்ல பண்றது? அந்த 600 ரூபா?

நாமக்கல்_வண்டி:
முதல்ல பழைய ஓனருக்கு போன் பண்ணி டேக்க க்ளோஸ் பண்ண சொல்லுங்க, மீதி காசு பெரும்பாலும் அவர் அக்கவுண்டுக்குத்தான் போகும், நல்ல மனுஷனா இருந்தா அனுப்பிடுவார். அப்புறம் அப்பா ஆர்சிய வச்சு புது டேக் எடுங்க, ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான், புதுசா எடுத்ததுதான் ஆக்டிவா நிக்கும். தடுப்ப தூக்கி விட்ட அந்த டோல் தேதி நேரத்தை சொல்லி 1033ல பாக்கி ஏதும் இருக்கான்னு கேளுங்க, இருந்தா கட்டி ரசீதை எடுத்து வச்சுக்கிட்டு அதுக்கப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் போங்க. மாமாவுக்கு வண்டி குடுக்கற அன்னைக்கு அப்பா பேர்ல இருக்கற டேக்கையும் மறக்காம க்ளோஸ் பண்ணிடுங்க, இல்லன்னா அவர் கர்நாடகால ஓட்டற டோலுக்கெல்லாம் இங்க காசு போகும்.