பீக்கரைத் தொட்டுப் பார்த்தால் கரைதிறன் புரியும்

சூடேற்றினால் எந்தப் பொருளும் கூடுதலாகக் கரையும் என்று நம்பிக்கொண்டுதான் பெரும்பாலான மாணவர்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். அதை வாயால் மறுப்பதை விட்டுவிட்டேன். பீக்கரைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் பொட்டாசியம் நைட்ரேட். நீரில் போட்டுக் கலக்கக் கலக்கப் பீக்கர் சில்லிட்டுப் போகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அது நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட பொருளுக்கு நாமும் வெப்பம் கொடுத்தால் இன்னும் கரையத்தானே செய்யும்? 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 32 கிராம் கரைவது, 60 டிகிரியில் 110 கிராம் வரை போகிறது. சூட்டில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த அந்தத் தெவிட்டிய கரைசலை அசைக்காமல் ஆறவிடுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் எங்கோ ஒரு மெல்லிய ஊசி தெரியும். அதை ஒட்டி இன்னொன்று, பிறகு கொத்துக் கொத்தாக. பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் இந்த இடத்தில் தானாகவே பீக்கர் பக்கம் குனிந்துவிடுவார்கள். எனக்கும் இது இன்றுவரை அலுக்கவில்லை.

சாப்பாட்டு உப்பில் இதை எதிர்பார்க்க முடியாது. கரையும்போது குளிர்ச்சியே அவ்வளவாகத் தெரியாது. 20 டிகிரியில் 36 கிராம், கொதிநிலையில் 39, அவ்வளவுதான் வித்தியாசம். உப்பைப் பிரித்தெடுக்க ஆறவைத்துப் பயனில்லை, நீரை ஆவியாக்கித்தான் ஆக வேண்டும்.

சுண்ணாம்பு நீர் இதற்கு நேர் எதிர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும்போது வெப்பத்தை வெளிவிடும். அதனால் சூடேற ஏற அதன் கரைதிறன் குறையும். வடிகட்டிய தெளிந்த தெவிட்டிய கரைசலைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சூடாக்கினால் கலங்குவது கண்ணுக்குத் தெரியும். வாயால் ஊதினாலும் கலங்கும்தான், ஆனால் அது மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் உண்டாகும் கார்பனேட், ஆறவைத்தாலும் கரையாது. சூட்டினால் வந்த கலங்கல் ஆற ஆற மெதுவாகத் தெளியும். நீரில் கரைந்திருக்கும் காற்றும் இந்த வகைதான். கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டும் சிறு குமிழ்கள் அதுதான்.

சரி, தொட்டுப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா? முடியாது. சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது கடுமையாகச் சூடாகும், ஆனாலும் சூடேற்றினால் கூடுதலாகவே கரையும். நிறைய நீரில் போடும்போது நமக்குத் தெரிகிற சூடு வேறு, தெவிட்டும் நிலைக்குப் பக்கத்தில் நடக்கும் வெப்ப மாற்றம் வேறு. கரைதிறன் எந்தப் பக்கம் நகரும் என்பதை முடிவு செய்வது இரண்டாவதுதான். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் மாணவர் கையில் கொடுப்பதில்லை. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, வெப்பமானியை வைத்து நானே காட்டுகிறேன்.