மாடே இருமினாலும் வரமாட்டேன்

மேலதிகாரியை எதிர்த்துப் பேசிய அனுபவம் கேட்டிருந்தீர்கள். நான் பேசியதைவிடப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் எனக்குப் பெரிது.

பிரேசிலில், சாவோ பாவுலோ நகரத்தில் வேலை பார்த்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேலாளர் வந்து நாளைக்கும் எல்லாரும் வரவேண்டும் என்றார். தொடர்ந்து மூன்றாவது சனிக்கிழமை. அவரிடம் நான் ஆங்கிலத்தில்தான் பேசுவேன். "ஐயாம் அஃப்ரெய்ட் ஐ கான்ட்" என்றேன். மறுப்பையே 'பயப்படுகிறேன்' என்று தொடங்கினால் யார் மதிப்பார்கள்? "கொஞ்சம் பாருங்கள்" என்று தோளில் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த மேஜையில் கணக்குப் பார்க்கும் அக்கா. ஐம்பது வயதிருக்கும். நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஊர் மொழியான போர்ச்சுகீஸில் சொன்னார்: "நௌங் வேன்யு, நௌங் சென்யோர்." வரமாட்டேன், இல்லை ஐயா. முன்னால் ஒரு 'இல்லை', பின்னால் ஒரு 'இல்லை', கூடவே 'ஐயா'. மரியாதையும் குறையவில்லை, மறுப்பும் குறையவில்லை. நம் 'முடியாதுங்க' மாதிரியே இருந்தது.

அவசர வேலை என்று மேலாளர் மறுபடி ஆரம்பித்தார். வாரத்துக்கு 44 மணி நேரம்தான் என்று 1988 அரசியலமைப்பே சொல்கிறது, எனக்கு அது இன்றோடு முடிந்தது என்றார் அக்கா. அப்புறம்தான் அந்த வார்த்தை: "நெங் கி அ வாக்கா துஸ்ஸா." மாடே இருமினாலும் நடக்காது! மேலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அதோடு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை சாப்பிடும்போது அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டேன். 2014 தேர்தல் பிரசாரத்தில் அதிபர் டில்மா ரூசெஃப், தொழிலாளர் உரிமைகளில் கை வைக்கமாட்டேன், மாடே இருமினாலும் மாட்டேன் என்றாராம். ஜெயித்த பிறகு, அந்த டிசம்பரிலேயே வேலையிழந்தோருக்கான உதவித்தொகை விதிகளை அவருடைய அரசு இறுக்கியது. தொழிற்சங்கங்கள் அதே வார்த்தையைக் கோஷமாக்கி வீதிக்கு வந்தன. ஆட்சியில் இருப்பவர் சொன்ன சொல்லையே எடுத்து அவர் முன்னால் நீட்டுவது! சொல்லும்போது அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் மேலாளர் மறுபடி சனிக்கிழமை என்றதும் நான் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. "நௌங் வேன்யு, நௌங் சென்யோர்" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே அக்காவின் பை ஏற்கெனவே மடியில் இருந்தது.